கோல் ஊன்றவா, தள்ளவா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஐம்பது வயதுக்குப் பிந்தைய நடைப்பயிற்சியைப் பற்றி எழுதும்போது, பின்லாந்தில் இரண்டு கைகளிலும் கோல் பிடித்து நடக்கிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையில் நான் முக்கியம் என்று கருதிய பகுதிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் ‘நார்டிக் நடை’ எனப்படும் அந்தக் கோல் நடைக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பின்லாந்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் சன்னல் வழியே பார்த்தால், நல்ல திடகாத்திரமான ஆண்களும் பெண்களும் ஆளுக்கு இரண்டு தடிகளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போகிறார்கள். பனியும் இல்லை, மலையும் இல்லை. என் மாமனார் எண்பத்திரண்டு வயதிலும் கைத்தடி பிடிக்க மாட்டேன் என்று சாதித்தவர். நன்றாக நடக்க முடிகிறவர்களுக்குத் தடி எதற்கு? – வாசகி, எஸ்போ

பதில்: உங்கள் மாமனாருக்கு இருந்த கூச்சம் பின்லாந்துக்காரர்களுக்கும் இருந்ததுதான், அம்மா. கோல்களுடன் தெருவில் இறங்கிய முதல் ஆட்களைப் பார்த்து, ‘சறுக்குப் பலகைகளை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டீர்களா?’ என்று கேட்பது அந்நாட்டில் ஒரு வழக்கமான கேலியாக இருந்தது. உங்கள் கேள்விக்கான விடை அந்தக் கேலிக்குள்ளேயே இருக்கிறது. நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் கால்கள் மட்டுமன்றிக் கைகளும் உடலை முன்னே செலுத்துகின்றன. கோல்களைப் பனியில் ஊன்றிப் பின்னோக்கித் தள்ளும் வலு இல்லாதவர் அந்தப் போட்டியில் நிற்க முடியாது. பனி இல்லாத கோடை மாதங்களில் அந்த வலு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, சறுக்கு வீரர்கள் பலகைகளைப் பரணில் போட்டுவிட்டுக் கோல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேடுகளில் ஏறியும் காட்டுப் பாதைகளில் நடந்தும் பல பத்தாண்டுகளாகப் பயிற்சி செய்துவந்தார்கள்.

வீரர்களின் இந்தக் கோடைப் பயிற்சியைப் பொதுமக்களுக்கு உரியதாக மாற்றிய ஆண்டு என்று 1997-ஐச் சொல்லலாம். விளையாட்டுப் பயிற்றுநரான மார்கோ கந்தானேவா கோலுடன் நடக்கும் முறையை விளக்கி எழுதியதும், எக்ஸெல் என்ற நிறுவனம் நடைக்கென்றே வடிவமைத்த கோல்களை ‘நார்டிக் வாக்கர்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்த ஆண்டில்தான். மக்களை வீட்டுக்கு வெளியே நடக்கவும் சறுக்கவும் அழைத்துச் செல்வதையே வேலையாகக் கொண்ட சுவோமென் லாத்து என்னும் பழைய அமைப்பும் இதில் சேர்ந்துகொண்டது. மூன்றே ஆண்டுகளில், அதாவது 2000-இல், இதற்கென ஒரு பன்னாட்டுச் சங்கம் பின்லாந்தில் தொடங்கப்பட்டு, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று பரவியது. பின்னிஷ் மொழியில் இதற்குச் சௌவாகேவெலு என்று பெயர். சௌவா என்றால் கோல், கேவெலு என்றால் நடை. நேராகத் தமிழாக்கிக் ‘கோல்நடை’ என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அச்சில் ஓர் எழுத்து மாறினால் வாசகர்கள் கால்நடைகளாகிவிடுவார்கள் என்று ஆசிரியர் அஞ்சுவதால், நார்டிக் நடை என்றே வைத்துக்கொள்வோம்.

கைத்தடி உடலின் பாரத்தைத் தாங்குவதற்காக உள்ளது. நார்டிக் கோல் உடலை முன்னே தள்ளுவதற்காக உள்ளது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டை மறந்ததால் எழுந்தவை.

கேள்வி: தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு சோடிக் கோல் வாங்கி, ஒரு மாதமாக நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். கை வலிக்கவில்லை, கூடுதலாக மூச்சு வாங்கவில்லை, எடையும் குறையவில்லை. கோல் இல்லாமல் நடந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. இது வெறும் வணிகத் தந்திரமா? – வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: நீங்கள் கோல்களோடு நடந்திருக்கிறீர்கள், கோல்களைக் கொண்டு நடக்கவில்லை என்று ஐயப்படுகிறேன். ஐரோப்பியப் பூங்காக்களில் காணப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வதும் அதுவே. கோல் நுனி தரையைத் தொட்டுத் தொட்டுப் போகும், ஆனால் அதன் வழியே ஒரு துளி விசைகூட இறங்காது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஹெல்சிங்கியின் நடுவிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளும் கெஸ்குஸ்புயிஸ்தோ என்னும் நடுவண் பூங்காவில். பூங்கா என்பது பெயரளவில்தான். உள்ளே போனால் காடு. அங்கே மரத்தூளும் மரச் சீவலும் பரப்பிய ஓடுபாதைகள் உண்டு. புருராதா என்பார்கள், புரு என்றால் மரத்தூள். இலை உதிரும் அக்டோபர் மாதத்துக் காலையில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் எட்டுப் பேருக்கும் கைப்பட்டைகளை மாட்டிவிட்டு, ‘இனி விரல்களைத் திறந்துவிடுங்கள், கோலைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள், இது உங்கள் கையில் இல்லை என்று நினைத்து நடங்கள்’ என்றார். இரண்டிரண்டு வால்கள் முளைத்தவர்களைப்போலக் கோல்களைத் தரையில் இழுத்துக்கொண்டு நாங்கள் நடந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏறத்தாழ 200 மீட்டர் போனபின், கைகள் தம் இயல்பில் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியபோது, பின்னால் இழுபட்டு வந்த கோலின் நுனி தானாகவே தரையில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்ட கணத்தில் கைப்பட்டை உள்ளங்கையைப் பற்றி அழுத்தியது. அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கையைப் பின்னே தள்ளியவுடன் யாரோ முதுகில் கைவைத்து முன்னே நகர்த்தியதுபோல உடல் ஓரடி நழுவியது. அதன்பின் அந்த ஆசிரியை சொல்வதற்கு அதிகம் எதுவும் இருக்கவில்லை.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். கை ஆடத் தொடங்கியபின் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இடக்கால் முன்னே போகும்போது வலக்கை முன்னே வர வேண்டும்; முன்னே வரும் கை, ஒருவருக்குக் கைகொடுக்க நீட்டுகிற உயரத்துக்கு மேல் எழ வேண்டியதில்லை. கோலின் நுனி ஒருபோதும் முன்னே வைத்த பாதத்தைத் தாண்டி விழக் கூடாது. முன்னே உள்ள பாதத்துக்கும் பின்னே உள்ள பாதத்துக்கும் இடைப்பட்ட இடத்தில், மேற்பகுதி முன்னும் நுனி பின்னுமாகச் சாய்ந்த நிலையில் அது தரையைத் தொட வேண்டும், ஏனெனில் முன்னால் ஊன்றிய கோல் வண்டிக்குப் போட்ட தடையைப்போல உங்களை நிறுத்தத்தான் செய்யும். ஊன்றியபின் கை இடுப்பைத் தாண்டிப் பின்னே போகும் வரை தள்ள வேண்டும். இடுப்பைத் தாண்டியதும் விரல்கள் திறந்துகொள்ள, கோலைப் பட்டை மட்டுமே தாங்கி நிற்கும். கை முன்னே திரும்பும்போது விரல்கள் மெல்ல மூடும். இந்தத் திறப்பும் மூடலும் இல்லாவிட்டால் தள்ளுதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டே நடப்பவர்களுக்குப் பயன் கிடைக்காததோடு முழங்கையும் தோளும் வலிக்கத் தொடங்குகின்றன.

இன்னொரு தவறு, முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டு, உரலில் உலக்கை போடுவதுபோல நெஞ்சுக்கு நேரே மேலும் கீழுமாகக் குத்துவது. கை ஆட்டம் தோளிலிருந்து வர வேண்டும். மேற்கையின் பின்புறத் தசையும் முதுகின் பக்கவாட்டுத் தசையும் வேலை செய்வதை நடந்து முடித்த மறுநாள் காலையில் உணர்ந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். ஐயமிருந்தால், மழை பெய்து ஓய்ந்தபின் ஈர மண் பாதையில் நூறு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிவந்து உங்கள் தடத்தைப் பாருங்கள். பாதத் தடங்களுக்கு இடையே சாய்ந்த, ஆழமான துளைகள் இருந்தால் தள்ளியிருக்கிறீர்கள். பாதங்களுக்கு முன்னால் மேலோட்டமான புள்ளிகள் மட்டும் இருந்தால் கோல்களை உலாவுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள்.

வணிகத் தந்திரமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள கூப்பர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 22 பேரைக் கோலுடனும் கோல் இல்லாமலும் 1,600 மீட்டர் நடக்கவைத்து அளந்து, 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோலுடன் நடந்தபோது உடல் பயன்படுத்திய ஆக்சிசனும் செலவிட்ட ஆற்றலும் சராசரியாக 20 விழுக்காடு கூடியிருந்தன. ஆனால் நடந்தவர்கள் தாம் கூடுதலாகச் சிரமப்பட்டதாக உணரவில்லை. உழைப்பு கூடியும் களைப்பு கூடவில்லை என்பதுதான் இந்த நடையின் உண்மையான கவர்ச்சி. அதே ஆய்வில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. கோலை அழுத்தித் தள்ளியவருக்கு மிகுதியான பயனும், பெயருக்கு ஏந்தியவருக்குச் சொற்பப் பயனும் கிடைத்திருக்கும். உடலின் 90 விழுக்காட்டுத் தசைகள் வேலை செய்கின்றன என்று பெட்டிகளின்மேல் அச்சிட்டிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாத் தசைகளும் ஏதோ ஓர் அளவுக்கு எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

எடையைப் பற்றி ஒரு சொல்: ஒரு மாத நடையில் எடை குறையவில்லை என்றால் அதற்குக் கோலையும் நடையையும் குறை சொல்வதற்கு முன் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பது நியாயம்.

கேள்வி: இதைக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளுக்கு ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், டார்ட்முண்ட்

பதில்: உண்மைதான். அரசு முறைக் காப்பீடான கிராங்கென்காஸே நோய்த் தடுப்பு வகுப்புகளுக்கான கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. நார்டிக் நடை வகுப்பும் அதில் அடங்கும். பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் 75 முதல் 80 விழுக்காடு வரை தருகின்றன. வகுப்பு முறைப்படி சான்று பெற்றதாக இருக்க வேண்டும், நீங்களும் பெரும்பாலான வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட் வாசகரும் இதைக் கவனிக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் தொடக்க நிலையில் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோல்களுடன் நடந்தால் முழங்காலின் சுமை 30 விழுக்காடு குறையும் என்று கடையில் சொன்னார்கள். ஊட்லிபெர்க் குன்றில் ஞாயிறுதோறும் நடப்பது எங்கள் குடும்ப வழக்கம். நம்பி வாங்கலாமா? – வாசகி, சூரிக்

பதில்: வாங்கலாம், ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அன்று. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 25 பாகைச் சரிவான பாதையில் கோல்களுடன் இறங்கும்போது முழங்கால்மீது விழும் விசைகள் 12 முதல் 25 விழுக்காடு வரை குறைவதைக் காட்டியது. அது செங்குத்தான இறக்கம். சமதளத்தில் பின்னர் செய்யப்பட்ட அளவீடுகளிலோ அத்தகைய குறைவு தெளிவாகத் தென்படவில்லை. கோல் இருக்கும் துணிவில் எட்டை நீளமாக வைப்பதால், குதிகால் தரையில் படும் கணத்தின் விசை சற்றுக் கூடியதாகவே ஒரு சில ஆய்வுகள் கண்டன. இறக்கத்தில் கிடைத்த எண்ணைச் சமதளத்துக்கும் சேர்த்து விற்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

அப்படியானால் மூட்டுக்கு இதமான பயிற்சி என்று இதை ஏன் சொல்கிறோம்? ஓடும்போது இரு பாதங்களும் காற்றில் இருக்கும் ஒரு கணம் ஒவ்வோர் எட்டிலும் உண்டு. அதன்பின் தரையில் இறங்கும் பாதம் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நடையில் ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருப்பதால், அந்த விசை உடல் எடையைவிடச் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும். மூச்சு வாங்கும்படி இதயத்துக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் சாதாரண நடை போதாது, ஓட வேண்டும். ஓடினால் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. உங்களைப் போன்றவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கோல் அந்தக் கூடுதல் வேலையைக் கால்களுக்குக் கொடுக்காமல் தோள்களுக்கும் முதுகுக்கும் கொடுக்கிறது. அதாவது உங்கள் முழங்கால் நடைக்குரிய சுமையை மட்டும் தாங்க, இதயம் மெல்லோட்டத்தை நெருங்கும் வேலையைச் செய்துகொள்கிறது.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. சமதளத்தில் எட்டை வேண்டுமென்றே சற்றுக் குறுக்கிக்கொள்ளுங்கள். ஊட்லிபெர்க்கிலிருந்து இறங்கும்போது மட்டும், கோல் முன்னே விழக் கூடாது என்று ஸ்டுட்கார்ட் வாசகருக்குச் சொன்ன விதியை மறந்துவிடுங்கள். அங்கே தடையைப்போல நிறுத்துவதுதான் கோலின் வேலை. முழங்காலைச் சற்று மடித்து, சிறு எட்டுகளாக வைத்து, கோல்களைப் பாதத்துக்கு முன்னே ஊன்றி, உடல் எடையில் ஒரு பங்கைக் கைகளுக்குக் கொடுத்து இறங்குங்கள். குன்றின்மேல் ஏறுவது பொதுவாக முழங்காலுக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. அங்கே ரயில் நிலையமும் இருப்பதால், முதல் சில வாரங்களுக்கு நடந்து ஏறி ரயிலில் இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடந்த மறுநாள் முழங்காலில் வீக்கமோ, இரவில் வலியோ இருந்தால் தொலைவைப் பாதியாகக் குறைத்து, மருத்துவரிடமும் சொல்லுங்கள். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை அவர் எழுதித் தந்திருந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். கோல்நடை அவற்றுக்கு மாற்றாகாது.

கேள்வி: என் உயரம் 172 செ.மீ., மனைவியின் உயரம் 158 செ.மீ. மலையேற்றக் கோல்கள் வீட்டில் இருக்கின்றன. அவையே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா? – வாசகர், ஓஸ்லோ

பதில்: பழகிப் பார்ப்பதற்கு அவை போதும். நீடித்துச் செய்வதாக இருந்தால் போதாது, ஏனெனில் வேறுபாடு கோலில் இல்லை, கைப்பட்டையில் இருக்கிறது. மலையேற்றக் கோலின் பட்டை மணிக்கட்டைச் சுற்றிய வெறும் வளையம். கையைத் திறந்தால் கோல் தொங்கிவிடும். நார்டிக் கோலின் பட்டை விரல் இல்லாத கையுறையைப்போலக் கட்டைவிரலைச் சுற்றி உள்ளங்கையோடு ஒட்டியிருக்கும். விரல் திறந்திருந்தாலும் தள்ளுகிற விசை அதன் வழியே கோலுக்குப் போய்ச் சேரும். இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனியான பட்டைகள் என்பதால் மாற்றி அணிந்துகொள்ளாதீர்கள்.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரத்தை 0.68-ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ 117, துணைவியாருக்கு ஏறத்தாழ 107 வரும். கோல்கள் 5 செ.மீ. இடைவெளியில் விற்கப்படுகின்றன; புதிதாகத் தொடங்குபவர்கள் கீழே இறங்கி எடுப்பது நல்லது, எனவே 115, 105. கடையில் நின்று பார்க்கும்போது, காலணியுடன் நேராக நின்று, கோலைச் செங்குத்தாக ஊன்றிக் கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை ஏறத்தாழ 90 பாகையில் மடிந்திருக்க வேண்டும். தோள் இறுக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் ஓரளவு குட்டையானது இதம். ஒரே துண்டாக உள்ள கோல் அதிர்வு குறைந்தது. நீட்டிக் குறுக்கும் கோலை இருவரும் மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாம், பயணத்துக்கும் எடுத்துச் செல்லலாம். கார்பன் இழை கலந்தது இலேசாகவும் விலை கூடியதாகவும் இருக்கும். தொடங்குபவருக்கு அலுமினியமே தாராளம்.

நுனியில் உள்ள கூர்மையான உலோகம் மண், புல், மரத்தூள் பாதைகளுக்கு உரியது. தார்ச்சாலையில் அதன்மேல் ரப்பர் பூண் மாட்ட வேண்டும்; இல்லாவிட்டால் வழுக்கும், அண்டை வீட்டார் அத்தனை பேரையும் எழுப்பும். அந்தப் பூண் ஒரு சிறிய காலணியின் வடிவத்தில் இருக்கும். காலணி என்றால் அதன் முனை முன்னோக்கித்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து, நான் ஒரு வாரம் அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, எட்டுக்கு எட்டு வழுக்கி, கோல் மட்டமானது என்று முடிவு கட்டியிருந்தேன். முனை பின்னோக்கி இருக்க வேண்டும். கோல் சாய்ந்து விழும்போது ரப்பரின் அடிப்பகுதி முழுவதும் தரையில் படிவது அப்போதுதான்.

கேள்வி: குளிர்காலத்திலும் தொடரலாமா? சென்ற மார்ச்சில் உறைபனியில் வழுக்கிக் கோலோடு விழுந்ததிலிருந்து கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. – வாசகர், தம்பெரே

பதில்: முதலில் கட்டைவிரலைக் காட்டுங்கள், குளிர்காலத்தைப் பிறகு பார்ப்போம். கோலைப் பிடித்தபடி விழும்போது கைப்பிடி கட்டைவிரலை வெளிப்புறமாக நெம்பி, அதன் அடிமூட்டின் உட்பக்கத்தில் உள்ள இணைப்பு நாரைக் கிழித்துவிடுவதுண்டு. பனிச்சறுக்குக்காரர்களிடம் அடிக்கடி காணப்படும் காயம் என்பதால் அவர்களுடைய பெயராலேயே அதை அழைக்கிறார்கள். சாவியைத் திருப்புவதும் சீசாவின் மூடியைத் திறப்பதும் கடினமாக இருந்தால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். முழுவதும் கிழிந்த நாருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம், காலம் கடத்தினால் சரிசெய்வது கடினம்.

குளிர்காலத்தில் தாராளமாகத் தொடரலாம். அடியில் ஆணி பதித்த காலணிகள் உங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. பனிக்கட்டியில் ரப்பர் பூணைக் கழற்றிவிட்டு உலோக நுனியைப் பயன்படுத்துங்கள். கோடையில் நீங்கள் நடந்த அதே மரத்தூள் பாதை, பனி விழுந்தபின் பல இடங்களில் சறுக்குத் தடமாக மாறிவிடும். இயந்திரத்தால் இழைத்துப் போட்ட அந்தத் தடத்தில் காலணியோடு இறங்குவது பின்லாந்தில் பெரிய மரியாதைக் குறைவு. கையில் கோல் இருப்பதால் மன்னித்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம், இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. ஆறு மாதத்துக்கு முன் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையின் மறுவாழ்வுப் பயிற்சி முடிந்துவிட்டது. இப்போது வீட்டைச் சுற்றி நடக்கிறார். கோல் நடையை அவருக்குப் பழக்கலாமா? – வாசகி, ஸ்கார்பரோ

பதில்: அவருடைய இதய மருத்துவர் சரி என்று சொன்னால் பழக்கலாம். உங்கள் கனடாவிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழக இதய நிறுவனத்தார், இதயத் தமனி நோயுள்ள 130 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தீவிரமாகவும் மெதுவாகவும் மாறிமாறிச் செய்யும் இடைவெளிப் பயிற்சியும், ஒரு குழுவுக்கு மிதமான தொடர் பயிற்சியும், ஒரு குழுவுக்கு நார்டிக் நடையும் 12 வாரங்களுக்குக் கொடுத்து, அதன்பின் 14 வாரங்கள் கழித்தும் அளந்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று குழுவினருக்கும் மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்ற சோதனையில் நார்டிக் நடைக் குழு மற்ற இரண்டையும் விஞ்சியது. நடைப் பயிற்சி பெற்றவர்கள் நடைச் சோதனையில் முந்துவது இயல்புதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடைக்குப் போய்வருவதும் மாடி ஏறுவதும்தான் உங்கள் தந்தையின் நாள் என்றால், அவருக்கு வேண்டியதும் அந்த நடைத் திறன்தானே.

நெஞ்செலும்பைப் பிளந்து செய்த அறுவையாக இருந்தால், கைகளால் அழுத்தித் தள்ளும் வேலைக்கு அந்த எலும்பு முழுமையாகக் கூடிவிட்டதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘நடக்கலாமா’ என்று மட்டும் கேட்டால் மருத்துவர் காலை மட்டும் நினைத்து ‘நடக்கலாம்’ என்பார். முதல் வாரத்தில் 10 நிமிடம் போதும். நாடித் துடிப்பைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே போகிறவராக இருந்தால், இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்த எண் உண்மையான உழைப்பைக் காட்டாது என்பதைச் சொல்லிவையுங்கள். அதைவிட நம்பகமான அளவுகோல் பேச்சு: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நீங்கள் உடன் நடந்து பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் என்றால் கணக்கு முடிந்தது. அதை எட்டுவதற்கு மூன்று மாதம் ஆனாலும் கெட்டுப்போவதில்லை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடையிலோ கையிலோ பரவும் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நின்று உதவிக்கு அழைக்க வேண்டும். ‘வீடு வரை போய்விடலாம்’ என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கமான பதில், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: (முதல் கடிதம் எழுதிய எஸ்போ வாசகியிடமிருந்து, இரண்டு வாரம் கழித்து) மகளின் கோல்களை எடுத்துக்கொண்டு ஒருநாள் இறங்கிப் பார்த்தேன். புடவையில் போக முடியாது என்று மகள் சொன்னதால் சுடிதார். முதல் நாள் கையும் காலும் ஒரே பக்கமாகப் போயின. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் திருநெல்வேலிக்குத் திரும்புகிறேன். கோல்களை எடுத்துக்கொண்டு போகலாமா? எங்கள் தெரு சிமென்ட் சாலை.

பதில்: கையும் காலும் ஒரே பக்கமாகப் போவது எல்லாருக்கும் நேர்வதுதான், அதைப் பற்றி எண்ணத் தொடங்கியதும் வருவது, எண்ணுவதை நிறுத்தியதும் போய்விடும். தாராளமாக எடுத்துச் செல்லுங்கள், ஆனால் மகளுடையது ஒரே துண்டுக் கோலாக இருந்தால் பெட்டிக்குள் அடங்காது. நீட்டிக் குறுக்கும் கோலாக வாங்கிக்கொண்டு, விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோகாமல் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் நீங்கள் அவற்றை உடற்பயிற்சிக் கருவி என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சிமென்ட் சாலைக்கு ரப்பர் பூண் கட்டாயம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தெருநாய்கள் இரண்டு தடியோடு வருபவரைப் பார்த்து முதலில் குரைக்கும். கோலை ஓங்கினால் பகையாகிவிடும், நின்று, நுனிகளைத் தரையில் வைத்துக்கொண்டு மெல்ல விலகிப் போங்கள். பின்லாந்தின் மண் பாதைகளைவிட நம் ஊர்ச் சாலையில் பூண் மிக விரைவாகத் தேயும். அடியில் உலோகம் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் மாற்ற வேண்டும், ஆகவே இங்கிருந்து கிளம்பும்போதே நான்கு சோடி கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.